மோட்டாரா, ஷட்டரா?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வரும் மருத்துவ வீடியோக்களை நான் திறப்பதில்லை. மஞ்சள், பூண்டு, கருஞ்சீரகம் என்று திரும்பத் திரும்ப அதே கதைதான். ‘குளத்துப் பாசியால் பார்வை பெற்ற பிறவிக் குருடர்’ என்று வந்ததையும் அப்படியே தாண்டிப் போயிருப்பேன். அனுப்பியது என் தாய்மாமா என்பதால் முடியவில்லை. அனுப்பினார் என்றால், அத்தை போட்டுவிட, காதால் கேட்டுவிட்டு, ‘இதை அவனுக்கு அனுப்பு, நிசமா பொய்யான்னு சொல்லுவான்’ என்றிருக்கிறார். மாமாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. முப்பது வயதைத் தாண்டியதும் பொழுது சாய்ந்தால் தடுமாற ஆரம்பித்தார். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, இப்போது நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். விழித்திரையில் குச்சி செல்கள் முதலிலும் கூம்பு செல்கள் பின்னாலும் சாகிற பரம்பரை நோய் இது. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் இதை ரொம்பப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, மருந்து இல்லை என்பதையும் அதே பொறுமையோடு சொன்னார்.

மாமா கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் கனால் லஸ்கராக, அதாவது வாய்க்கால் ஷட்டர்களைப் பார்த்துக்கொள்பவராக, வேலை பார்த்தவர். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆளியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் அளக்கப்பட்டு வந்து, மூலத்தரையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் போகும். எந்த ஷட்டரை எத்தனை இஞ்ச் ஏற்றுவது, யாருடைய வயலுக்கு எப்போது முறை என்பதில்தான் அவருடைய வாழ்க்கை முழுக்கப் போனது. தமிழ்நாடு, கேரள ஒப்பந்தப்படி கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. அந்தக் கால் டிஎம்சிக்காகக்கூட இரண்டு மாநிலத்து இன்ஜினியர்களும் முறைத்துக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதில் அவரை ஏமாற்ற முடியாது.

வீடியோ பாதி நிஜம், பாதி மசாலா. அந்த ஆள் பிறவிக் குருடர் அல்ல. மாமாவுக்கு இருக்கிற அதே நோய் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடிக்கப்பட்ட, 58 வயதுக்காரர். அவருடைய ஒரு கண்ணில் தீங்கில்லாத வைரஸ் ஒன்றின் மூலமாகப் பாசியிலிருந்து வந்த ஜீன் ஒன்றைச் செலுத்தினார்கள். ஜோஸே-அலன் சாஹேல், போட்டாண்ட் ரோஸ்கா ஆகியோரின் குழு 2021இல் இதை வெளியிட்டது. நான் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ‘பாசியில ஒரு புரதம் இருக்குதுங் மாமா, வெளிச்சம் பட்டா அது வழியா செல்லுக்குள்ள அயனி போகும், நரம்புல கரண்ட் கிளம்பும்’ என்று முடித்தேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: ‘ஏங்கண்ணு, அது மோட்டாரா, ஷட்டரா?’

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே விளக்கினார். மோட்டார் என்றால் பள்ளத்தில் இருப்பதை மேட்டுக்குத் தள்ளும். கரண்ட் இருக்கிறவரை தள்ளும், அளந்து தள்ளும். ஷட்டர் எதையும் தள்ளாது. மேட்டில் தண்ணீர் நிற்கிறது, பள்ளம் காத்திருக்கிறது, குறுக்கே இருப்பதை எடுத்துவிட்டால் தானாகப் பாயும். ‘போகும்னு சொன்னியே, தானாப் போகுதா, தள்ளிவிடுதா?’

‘ஷட்டர்தானுங் மாமா’ என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். நான் நீட் மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறவன், இந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இந்தப் புரதம் பிறந்த குடும்பத்தில் பெரும்பாலும் எல்லாமே மோட்டார்கள்.

உப்பளத்து மோட்டார்

முதலில் பாசியைச் சொல்லிவிடுகிறேன். கிளாமிடோமோனஸ். பிளஸ் ஒன் பாடத்தில் பெயரளவில் வந்து போகும். ஒற்றைச் செல், குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, முன்னால் இரண்டு கசையிழைகள், பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்புள்ளி. பச்சை பிடித்த குளத்தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதுவோ இதன் சொந்தக்காரர்களோ அநேகமாக அகப்படுவார்கள். சிலைடின் ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நீந்துகிற அந்தப் பச்சைப் பொட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்து சேரும். சுற்றும்போது கண்புள்ளி வெளிச்சத்துக்கு நேராக வருவதும் விலகுவதுமாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் செல் திசையைப் பிடிக்கிறது. ஆரஞ்சு நிறம் வெளிச்சத்தை ஒரு பக்கமாக மறைப்பதற்கும் திருப்பிவிடுவதற்கும்தான். உண்மையில் பார்க்கிற வேலை அதற்கு மேலே உள்ள செல் சவ்வில் நடக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு முதல் நல்ல துப்பு 1984இல் கிடைத்தது. வெளிச்சத்தைத் தேடிப் போகத் தெரியாத குருட்டுக் கிளாமிடோமோனஸ்களுக்கு ரெட்டினால் கொடுத்துப் பார்த்தது கென்னத் ஃபாஸ்டரின் குழு. வைட்டமின் ஏயின் வகைதான் ரெட்டினால், நம் கண்ணில் வெளிச்சத்தை வாங்கும் அதே மூலக்கூறு. கொடுத்ததும் குருட்டுப் பாசி திரும்ப வெளிச்சத்தை நோக்கி நீந்தியது. 1991இல் பீட்டர் ஹேகமன் தரப்பு ஒற்றைச் செல்லில் வெளிச்சம் பட்டதும் கிளம்பும் மின்னோட்டத்தை அளந்தது. அதன் வேகம் அவர்களை யோசிக்க வைத்தது. இடையில் நாலு கை மாறி வரும் சங்கிலி இருந்தால் இவ்வளவு சீக்கிரம் மின்னோட்டம் வராது. வெளிச்சத்தை வாங்குவதும் அயனியை விடுவதும் ஒரே புரதம்தான் என்று தோன்றியது. ஜியார்க் நேகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க், ஹேகமன் கூட்டணி அந்த ஜீனைத் தவளை முட்டையில் போட்டு, வெளிச்சம் அடித்து, 2002இலும் 2003இலும் அதைக் காட்டிவிட்டது. சேனல்ரோடாப்சின் என்று பெயர் வைத்தார்கள், பாசியில் கிடைத்த இரண்டு வகைக்கும் 1, 2 என்று எண். 2005இல் எட் பாய்டன், கார்ல் டைசராத் முதலானோர் அதை நரம்பு செல்லில் வைத்து, நீல விளக்கால் நரம்பைத் துடிக்க வைத்தார்கள். அந்தக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் மறுபடியும் எழுதவில்லை.

என்னைப் பிடித்து வைத்தது அதன் குடும்பம். உப்பளங்களில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்று உண்டு, பாக்டீரியோரோடாப்சின். 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கெனியஸ் இருவரும் அறிவித்தது. அது அசல் மோட்டார். ஒளித்துகள் ஒன்று பட்டால் புரோட்டான் ஒன்றைச் செல்லுக்கு உள்ளிருந்து வெளியே தள்ளும். வெளியே புரோட்டான் நெருக்கிக்கொண்டு நின்றாலும் தள்ளும். ஒன்றுக்கு ஒன்று, மீட்டர் வைத்த கணக்கு. அமைப்பு என்ன? ஏழு சுருள்கள் சவ்வைக் குறுக்கே கடந்து நிற்கின்றன. ஏழாவது சுருளில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ரெட்டினால் கட்டுண்டு நடுவில் படுத்திருக்கிறது. ஒளி பட்டதும் ரெட்டினாலின் நேரான வால் 13ஆவது கார்பனில் மடங்குகிறது. அந்த மடக்கத்தில்தான் மொத்த வேலையும் தொடங்குகிறது.

பாசிப் புரதத்தின் அமைப்பு என்ன? ஏழு சுருள்கள், ஏழாவதில் லைசின், அதில் கட்டுண்ட ரெட்டினால், 13ஆவது கார்பனில் மடக்கம். மோட்டாரின் அதே எலும்புக்கூடு. முழுப் புரதம் 737 அமினோ அமிலங்கள் நீளம். அதில் முதல் முந்நூற்றுச் சொச்சத்தை மட்டும் வெட்டி வைத்தாலே வேலை செய்கிறது. அந்த முந்நூற்றுச் சொச்சம்தான் இந்த ஏழு சுருளும். இப்போது மாமாவின் கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒரே வார்ப்பில் வந்த இரண்டில் ஒன்று மோட்டார், மற்றது ஷட்டர் என்றால், ஷட்டர் எங்கே இருக்கிறது?

மூடிய படம்

2012இல் டோக்கியோவில் ஒசாமு நுரெகியின் ஆய்வகம் சேனல்ரோடாப்சினின் படிக அமைப்பை, அதாவது புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் எடுத்த அணு அளவுப் படத்தை, 2.3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டது. ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அசல் புரதம் நல்ல படிகமாகச் சிக்கவில்லை. அதனால் முதல் ஐந்து சுருள்களைச் சேனல்ரோடாப்சின்-1இலிருந்தும் கடைசி இரண்டைச் சேனல்ரோடாப்சின்-2இலிருந்தும் எடுத்து ஒட்டி ஒரு கலப்பினம் செய்தார்கள். புரோட்டீன் டேட்டா பேங்கில் 3யூஜி9 என்ற எண்ணில் அது யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் அதை இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் சாய்வு நாற்காலியில். நான் பார்ப்பதைச் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன, வெளிமுனையில் சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் கோத்திருக்கின்றன. ஜோடி என்றதும் மாமா, ‘அப்ப நடுச்சந்துலதான் வழி’ என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். பொட்டாசியம் சேனலில் நான்கு துண்டுகள் சுற்றி நிற்க நடுவில்தான் வழி, 1998இல் ராட்ரிக் மெக்கினன் அதைப் படமாகவே காட்டினார். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு புரதத்துக்குள்ளும் தனித்தனி வழி, ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு ஆகிய சுருள்களுக்கு இடையில். பாக்டீரியோரோடாப்சினோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு சுருள்களும் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து விலகியிருக்கின்றன. அந்த விலகலில் வெளிப்பக்கமாக ஒரு விரிந்த வாய் உண்டாகிறது. உள்ளே இறங்கும் வழியோரம், இரண்டாம் சுருளில், குளூட்டாமிக் அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. எதிர்மின்னூட்டம் உள்ளவை, ஆகவே நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் மாதிரி அயனிகளுக்கு இணக்கமான ஓரம். இதுவரை சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்குக் கீழே வழி இல்லை.

நிஜமாகவே இல்லை. நடுவில், ரெட்டினால் கட்டுண்ட இடத்துக்குப் பக்கத்தில், மூன்று அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து அடைத்துக்கொண்டிருக்கின்றன: ஒரு செரின், ஒரு குளூட்டாமிக் அமிலம், ஒரு அஸ்பராஜின். அதையும் தாண்டிக் கீழே போனால் உள்பக்க முனையில் ஒரு டைரோசின் குறுக்கே கிடக்கிறது. வெளியிலிருந்து பாதி தூரம் வந்த அயனி அங்கேயே நிற்க வேண்டியதுதான். எல்லாப் பாடப் புத்தகத்திலும், எல்லா யூடியூப் வீடியோவிலும், ‘இதோ ஒளியால் திறக்கும் வழி’ என்று காட்டப்படும் அந்தப் படம் இருட்டில் எடுத்தது. ஷட்டர் இறங்கிக் கிடக்கிற நேரத்துப் படம்.

மாமா சிரித்தார். ‘மூடுன ஷட்டரப் பாத்து எத்தனை தண்ணி போகும்னு எந்த இன்ஜினியரும் சொல்லமாட்டான் சாமி.’

சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது அங்கேயே தைத்தது. அமைப்பு தெரிந்துவிட்டால் வேலை தெரிந்துவிட்டது என்றுதான் எங்கள் பாடத்தில் பழக்கியிருக்கிறோம். டபுள் ஹெலிக்ஸைப் பார்த்ததும் இரட்டிப்பு புரிந்துவிட்டது என்ற பழைய வெற்றிக் கதையின் மயக்கம் அது. இங்கே அமைப்பைப் பார்த்தால் அது மூடியிருக்கிறது என்பதுதான் தெரிகிறது. திறப்பதைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி படத்திலிருந்து வந்ததில்லை. ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு மின்னோட்டத்தை அளந்தவர்களிடமிருந்து வந்தது.

மாமாவுக்கு மிகவும் பிடித்துப்போனது 128ஆவது இடத்துக் கதை. மூன்றாம் சுருளில் அந்த இடத்தில் ஒரு சிஸ்டீன், நான்காம் சுருளில் 156ஆவது இடத்தில் ஒரு அஸ்பார்டிக் அமிலம், இரண்டும் நெருங்கி நிற்கின்றன. சாதாரணமாகச் சேனல்ரோடாப்சின்-2, விளக்கை அணைத்தால் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடத் தொடங்கிவிடும். 128ஆவது சிஸ்டீனை செரினாக மாற்றினால், அதாவது ஒரு கந்தக அணுவின் இடத்தில் ஒரு ஆக்சிஜன் அணுவை வைத்தால், விளக்கை அணைத்த பிறகும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் திறந்தே கிடக்கிறது. 2009இல் வெளியான வேலை. 156ஐயும் சேர்த்து மாற்றினால் கிட்டத்தட்ட அரைமணி நேரம். நீல ஒளியில் திறக்கும், மஞ்சள் ஒளி காட்டினால் மூடும். ‘ஒரு நட்டு மாத்துனதுக்கு ஷட்டர் எறங்காம நின்னுக்குது’ என்றார் மாமா. அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஷட்டர் என்ற இரும்புப் பலகையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், வேலை எல்லாம் அதை ஏற்றி இறக்கும் திருகிலும் அது உட்காரும் காடியிலும்தான் என்பது அவர் கட்சி. படத்தில் பார்த்தால் அந்த இரண்டு அமினோ அமிலங்களும் வழியின் ஓரத்தில்கூட இல்லை. ரெட்டினாலின் பக்கத்தில், கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கின்றன. திருகு இருக்குமிடம் அதுதான்.

2017இல் கலப்பினம் அல்லாத அசல் சேனல்ரோடாப்சின்-2இன் அமைப்பும் 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வந்துவிட்டது, வாலெண்டின் கோர்டெலியின் குழுவிடமிருந்து. அதில் வழி ஒரே குழாயாக இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தேங்கிய நாலு குழிகள், நடுநடுவே மூன்று கதவுகள்: வெளிக்கதவு, நடுக்கதவு, உள்கதவு. மூன்றையும் ஹைட்ரஜன் பிணைப்பு வலை ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது. ரெட்டினால் மடங்கும்போது நடுக்கதவின் பிணைப்பு குலைந்து, அந்தக் குலைவு மற்ற இரண்டுக்கும் பரவுகிறது என்பது அவர்கள் வாசிப்பு. அதுவும் இருட்டுப் படம்தான். 2021இல் எக்ஸ்-கதிர் லேசர் கொண்டு, ஒளி பட்ட பின் நாலு மில்லி நொடி வரை தொடர்ந்து படம் எடுத்தார்கள். ரெட்டினால் முறுக்கிக்கொள்வதும் சுருள்கள் நகரத் தொடங்குவதும் பதிவாயின. படிகத்துக்குள் அடைபட்ட புரதம் அதற்கு மேல் அகலத் திறந்து போஸ் கொடுக்கவில்லை.

ஃபுட்வால்வு

இத்தனைக்குப் பிறகும் முதல் கேள்வி அப்படியே நின்றது. மோட்டாரின் எலும்புக்கூட்டில் ஷட்டர் எப்படி வந்தது? அதற்கான விடை படிகத்தில் கிடைக்கவில்லை. 2009இல் பாம்பெர்க்கின் குழு வெளியிட்ட ஒரு மின் அளவீட்டில் கிடைத்தது. சேனல்ரோடாப்சின்-2இல் பள்ளம் மேடு இல்லாமல், அதாவது சவ்வின் இரு பக்கமும் சமமாக வைத்து, வெளிச்சம் அடித்தார்கள். ஷட்டர் என்றால் சமதளத்தில் எதுவும் நகரக்கூடாது. நகர்ந்தது. புரோட்டான்கள் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டன. சிறிய அளவுதான், ஒரு சுற்றுக்கு ஒரு புரோட்டான்கூட முழுதாக வராது. ஆனால் தள்ளுகிறது. கசிகிற புரோட்டான் பம்பு என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

இதை மாமாவிடம் சொன்ன அன்று அவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘ஃபுட்வால்வு போயிருச்சு’ என்றார்.

கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். குழாயின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் வால்வு, மேலே ஏறின தண்ணீர் கீழே திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். அது நிற்காவிட்டால் மோட்டார் ஓடினாலும் குழாயில் ஏறினதெல்லாம் வந்த வழியே இறங்கிவிடும். பம்பு என்ற எந்தப் புரதத்துக்கும் இதுதான் அடிப்படை நிபந்தனை: உள்பக்கம் திறக்கும்போது வெளிப்பக்கம் மூடியிருக்க வேண்டும், வெளிப்பக்கம் திறக்கும்போது உள்பக்கம். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் இரண்டும் சேர்ந்து திறந்தாலும் போச்சு, மேட்டில் நெருக்கிக்கொண்டு நிற்பவை பள்ளத்துக்குப் பாய்ந்துவிடும். பாக்டீரியோரோடாப்சினின் மொத்தக் கெட்டிக்காரத்தனமும் அந்த முறை மாறாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. பாசிப் புரதத்தில் முதல் இரண்டு சுருள்களும் சற்று விலகியிருக்கின்றன, வழியோரம் தண்ணீர் தேங்குகிறது, ரெட்டினால் மடங்கியதும் கதவுகள் ஒன்றாக விட்டுக்கொடுக்கின்றன. தள்ளிய ஒரு புரோட்டான் வெளியே போவதற்குள் எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான அயனிகள் உள்ளே பாய்ந்துவிடுகின்றன. மோட்டாருக்கு அது பழுது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும் என்றிருக்கிற பாசிக்கு அந்தப் பழுதுதான் கண். இதை நான் உறுதியாக நம்புகிறேன்: இந்தப் புரதத்தைப் புரிந்துகொள்ள ‘கதவு’ என்று தொடங்குவதைவிடப் ‘பம்பு’ என்று தொடங்குவது நல்லது. கதவு என்று தொடங்கினால் அந்த ஏழு சுருளும், நடுவில் படுத்திருக்கும் ரெட்டினாலும் எதற்கு என்று கடைசிவரை புரியாது. வெறும் வழிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

இன்னொன்றையும் இது விளக்கிவிடுகிறது. இந்த வழி மிகக் குறுகலானது. நரம்பில் இருக்கிற சாதாரண சோடியம், பொட்டாசியம் வழிகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் அயனிகள் போகும். பாசியின் வழியில் அதில் மிகச் சிறு பங்குதான், தனிப் புரதம் ஒன்றின் மின்னோட்டத்தைக் கருவியில் பிடிப்பதே கஷ்டம். பிறவியில் வழியாக வார்க்கப்பட்டிருந்தால் இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அயனி வகையிலும் பெரிய கறார் கிடையாது. புரோட்டானை மிகவும் விரும்பும், சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாவற்றையும் விடும்.

கண்ணாடி எதற்கு

மாமாவுக்கு இதில் வேதியியல் முக்கியமில்லை. அவருக்கு அந்த 58 வயதுக்காரர்தான் முக்கியம். அவருக்கு எதற்குத் தனியாக ஒரு கண்ணாடி மாட்டினார்கள்? கேமரா வைத்து, எதிரில் இருப்பதை ஆரஞ்சு ஒளியாக மாற்றி விழித்திரையில் பாய்ச்சும் கண்ணாடி அது. அது இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாசிப் புரதம் வேலை செய்கிறது என்றால் வெறுங்கண்ணில் ஏன் தெரியக்கூடாது?

விடை அந்தக் குறுகல் வழியில்தான். நல்ல கண்ணில் இருக்கும் ரோடாப்சினுக்கும் ஏழு சுருள், அதற்கும் ரெட்டினால். ஆனால் அது தானே எந்த வழியையும் திறப்பதில்லை. ஒரு ஒளித்துகள் பட்டால் அடுத்தடுத்த புரதங்களைக் கிளப்பிவிட்டு, செய்தியைப் பல மடங்கு பெருக்கி, கடைசியில் லட்சக்கணக்கான அயனிகளின் ஓட்டத்தை மாற்றுகிறது. அதனால்தான் குச்சி செல்லுக்கு ஒற்றை ஒளித்துகளே போதும், அமாவாசை இருட்டிலும் வரப்பு தெரிகிறது. பாசிப் புரதத்தில் பெருக்கல் இல்லை. ஒரு ஒளித்துகளுக்கு ஒரு ஷட்டர், அதுவும் சின்ன ஷட்டர், கொஞ்ச நேரம். நரம்பு செல் துடிக்க வேண்டுமென்றால் ஒரே சமயத்தில் ஏராளமானவை திறக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். வீட்டு விளக்கு போதாது.

ஆரஞ்சு நிறம் எதற்கு என்பதற்கும் புரதத்தில்தான் விடை. சேனல்ரோடாப்சின்-2க்கு உகந்தது 470 நானோமீட்டர் நீலம். அந்த நீலத்தைக் கொட்டினால் விழித்திரை கெட்டுவிடும் அபாயம் உண்டு. ஆகவே கிளாமிடோமோனஸ் நாக்டிகாமா என்ற இன்னொரு பாசியில் கிடைத்த கிரிம்சன் என்ற உறவுக்காரரைப் பிடித்தார்கள். ரெட்டினால் அதேதான். அதைச் சுற்றி நிற்கும் அமினோ அமிலங்கள் கொஞ்சம் வேறு, அந்த வேறுபாட்டால் அது வாங்கும் நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதில் ஒரு லைசினை அர்ஜினினாக மாற்றிய வடிவம்தான் அந்த நோயாளியின் கண்ணுக்குள் போனது, 595 நானோமீட்டர் ஒளிக்கு. செத்துப்போன குச்சி, கூம்பு செல்களில் அதை வைக்கவில்லை. செய்தி போகும் வரிசையில் அவற்றுக்குப் பிறகு வரும், உயிரோடு இருக்கும் கேங்கிலியான் செல்களில் வைத்தார்கள், மூளைக்குக் கம்பி போவது அங்கிருந்துதான். எந்த ஜீன் பழுதாகி நோய் வந்தது என்ற கேள்வியே இந்த முறைக்குத் தேவையில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்குப் பல பத்து ஜீன்கள் காரணமாக இருக்கலாம் என்பதால் இது பெரிய விஷயம். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜீன் மருந்து ஒரே ஒரு ஜீனின் பழுதுக்கு மட்டும் உதவுகிறது.

அவருக்கு என்ன தெரிந்தது? ஊசி போட்டு மாதக்கணக்கில் பழகிய பிறகு, மேசை மேல் வைத்த பெரிய நோட்டுப் புத்தகம் இருக்குமிடத்தைப் பெரும்பாலும் சரியாகத் தொட்டார். சின்ன ஸ்டேப்பிள் டப்பா வைத்தபோது மூன்றில் ஒரு முறைதான். டம்ளர்களை எண்ணினார். வெளியே நடக்கும்போது ரோட்டில் வெள்ளைப் பட்டைகள் தெரிகின்றன என்றார். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. வீடியோக்காரர் இதை ‘பார்வை திரும்பியது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் மாமாவிடம் நோட்டு, டப்பா கணக்கு உட்பட அப்படியே சொன்னேன். அத்தைக்கு என் மேல் கோபம். ‘கொஞ்சம் நல்லதாச் சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?’ மாமா அவளை அடக்கிவிட்டு, ‘வரப்பு தெரியுமா?’ என்று கேட்டார். தெரியலாம், நல்ல வெயிலில், கறுப்பு மண்ணுக்கும் பச்சைப் பயிருக்கும் வித்தியாசம் பளிச்சென்று இருந்தால், கண்ணாடியும் மாட்டியிருந்தால் என்றேன். ‘அது போதுமே’ என்றார்.

புதிதாக வந்திருப்பவற்றில் நான் கவனித்துக்கொண்டிருப்பது கிரிப்டோஃபைட் என்ற வேறு வகைப் பாசியிலிருந்து எடுத்த சிஹெச்ஆர்மைன் என்ற சேனல்ரோடாப்சின். அதன் அமைப்பை 2022இல் குளிர்விப்பு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். ஜோடி இல்லை, மூன்றாகச் சேர்ந்து நிற்கிறது. வரிசையைப் பார்த்தால் பச்சைப் பாசியின் புரதங்களைவிட உப்பளத்து மோட்டாருக்குத்தான் நெருக்கம். உப்பளத்து பாக்டீரியோரோடாப்சினும் மூன்றாகத்தான் நிற்கும். ஆனால் இது மின்னோட்டத்தை அதிகம் விடுகிறது, மங்கலான சிவப்பு ஒளிக்கும் திறக்கிறது. அதாவது மோட்டார் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்தும் ஷட்டர் வந்திருக்கிறது, முந்தையதைவிடப் பெரிய ஷட்டராக.

போன முறை கோயம்புத்தூருக்குப் பரிசோதனைக்குப் போனபோது மாமாவே டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுத்துவிட்டார். பாசி ஊசி இங்கே எப்போது வரும் என்று கேட்டிருந்தால் டாக்டரிடம் பழகிய பதில் இருந்திருக்கும். மாமா கேட்டது, ‘இப்ப போடறதுல ஷட்டர் சின்னதுங்களே, பெருசு வந்துட்டுதுங்களா?’ என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். மாமா கையை அமர்த்திவிட்டு அவரே ஃபுட்வால்விலிருந்து தொடங்கினார். வெளியே டோக்கன் போட்டவர்கள் எட்டிப் பார்க்கிறவரை பேச்சு ஓடியது. முடிவில் டாக்டர் அவருடைய கேங்கிலியான் செல் அடுக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். ஷட்டர் எவ்வளவு பெரிதானாலும் பொருத்த வாய்க்கால் இருக்க வேண்டுமே என்றார் மாமா, பஸ்ஸில் வரும்போது. ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.